ஒரு தந்தியில் மூன்று காந்தாரம்

தம்புராவில் நான்கு தந்திகள் உள்ளன. ஒன்று பஞ்சமம், இரண்டு மத்திய ஷட்ஜம், எஞ்சியது மந்தர ஷட்ஜம். காந்தாரம் என்று எந்தத் தந்தியும் கட்டப்பெறவில்லை. எனினும், நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவை, ஜீவா நூலை உரிய இடத்தில் நிறுத்தி, அமைதியான அறையில் மீட்டிக் கேட்பவர்க்கு, மந்தரத் தந்தியினின்று ஓர் அந்தர காந்தாரம் மெல்ல எழுந்து நிற்பது புலனாகும். இதனைச் சுயம்பு காந்தாரம் என்பர். எவரும் கட்டாமல் தானே தோன்றுவதால் அப்பெயர் பெற்றது.

அதே ஷட்ஜத்தை ஆர்மோனியத்தில் பிடித்துக்கொண்டு, அதன் காந்தாரக் கட்டையை அழுத்தினால் எழும் ஒலி இந்தக் காந்தாரம் அன்று. இதனினும் சற்று உயர்ந்தது. வேற்றுமை சிறிதே, ஆயினும் பழகிய செவிக்குத் தெளிவாகத் தெரிவது. இவ்விரண்டனுள் எதனைக் காந்தாரம் என்று கொள்வது?

இவ்வினாவைப் பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. இன்று இசை பயிலத் தொடங்கும் சிறுவர் பலர்க்கு வீட்டில் துணையாயிருப்பது தம்புரா அன்று. கீபோர்டும் கைப்பேசியில் உள்ள சுருதிச் செயலியுமே. ஆசிரியர் வாரத்தில் இரண்டு மணிநேரம் வருகிறார். கருவியோ நாள்தோறும் உடனிருக்கிறது. இளமையில் செவியில் ஊன்றிய சுரம் பின்னர் எளிதில் பெயர்வதில்லை. ஆகவே, அக்கருவி எந்தக் காந்தாரத்தைக் கற்பிக்கிறது, அதனை யார் எதற்காக அவ்விடத்தில் வைத்தனர் என்று அறிந்துகொள்வது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் வேண்டுவதேயாம்.

பள்ளி ஆய்வுக்கூடங்களில் சுரமானி என்றொரு எளிய கருவி உண்டு. நீண்ட மரப்பெட்டி, அதன்மேல் ஒரு கம்பி, கம்பியை இழுத்துப் பிடிக்க ஒரு முனையில் எடைக்கற்கள், இடையே நகர்த்தத்தக்க குதிரைகள். பௌதிக ஆசிரியர் இதனைச் செய்முறைத் தேர்வின்போது மட்டும் தூசி தட்டி எடுப்பார். இசையாசிரியரோ இதனைக் கண்ணாலும் பார்த்திரார். இவ்விருவரும் ஒரு பிற்பகல் சேர்ந்து அமர்ந்தால் இன்று யான் கூறவிருப்பதில் பாதியை மாணவர்க்குக் காட்டியே விளக்கிவிடலாம்.

கம்பியின் அதிரும் நீளத்தை 90 சென்டிமீட்டராக வைத்துக்கொள்வோம். அதன் ஒலியை ஷட்ஜம் என்போம். இழுவிசை மாறாதிருக்குமாயின், நீளம் எவ்வளவு பங்கு குறைகிறதோ அதற்கு நேர்மாறாக அதிர்வெண் ஏறும். பாதி நீளமாகிய 45-இல் மேல் ஷட்ஜம் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காகிய 60-இல் பஞ்சமம். நான்கில் மூன்று பங்காகிய 67½-இல் சுத்த மத்தியமம். ஐந்தில் நான்கு பங்காகிய 72-இல் அந்தர காந்தாரம். சிறிய எண்களால் ஆன இப்பின்னங்களில் இனிமை குடிகொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு தந்தி முழுமையாக மட்டும் அதிர்வதில்லை. அதே வேளையில் இரு பாதிகளாகவும், மூன்று கூறுகளாகவும், நான்காகவும், ஐந்தாகவும் அதிர்கிறது. இவ்வாறு எழும் மேற்சுரங்களில் ஐந்தாவதே தம்புராவில் நாம் கேட்ட காந்தாரம். மந்தர ஷட்ஜத்தின் அதிர்வெண்ணைப்போல் சரியாக ஐந்து மடங்கு உடையது அது. அதனை இரண்டு ஸ்தாயி கீழிறக்கினால் நம் கம்பியில் 72 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். இது முதற் காந்தாரம்.

இனி வேறொரு வழியில் காந்தாரத்தைத் தேடுவோம். ஷட்ஜத்திற்குப் பஞ்சமம் 60. அப்பஞ்சமத்தை ஷட்ஜமாகக் கொண்டு அதற்குப் பஞ்சமம் கண்டால் 40; கீழ் ஸ்தாயிக்குக் கொணர 80. இது ரிஷபம். ரிஷபத்தின் பஞ்சமம் 53⅓, இது தைவதம். தைவதத்தின் பஞ்சமத்தைக் கண்டு கீழிறக்கினால் ஏறக்குறைய 71.1 சென்டிமீட்டரில் ஒரு காந்தாரம் கிடைக்கும். ஒவ்வோர் அடியும் பழுதற்ற பஞ்சமமே. ஓரிடத்தும் கணக்குத் தவறவில்லை. இருந்தும் சேர்ந்த இடம் 72 அன்று. ஒன்பது மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. இது இரண்டாம் காந்தாரம்.

மூன்றாவது, ஆர்மோனியத்தின் காந்தாரம். ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரையுள்ள இடைவெளியைப் பன்னிரண்டு சமப் படிகளாக்கி, நான்காம் படியில் அதனை வைத்தனர். அது கம்பியில் 71.4 சென்டிமீட்டர் அளவில் விழும். முதலிரண்டு காந்தாரங்களுக்கும் நடுவே, இரண்டாவதற்குச் சற்று அண்மையில் நிற்பது இது.

இச்சிறு விலக்கத்தைச் செவி எவ்வாறு அறிகிறது? ஷட்ஜத்தின் அதிர்வெண் நொடிக்கு 240 என்று கொள்வோம். தம்புராவின் காந்தாரம் 300. ஆர்மோனியத்தின் காந்தாரம் ஏறக்குறைய 302.4. ஷட்ஜத்தின் ஐந்தாம் மேற்சுரம் 1200. முதற் காந்தாரத்தின் நான்காம் மேற்சுரமும் 1200. இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடுகின்றன. ஆர்மோனியக் காந்தாரத்தின் நான்காம் மேற்சுரமோ 1209½ அளவில் வரும். 1200-உம் 1209½-உம் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஒன்பது பத்து முறை ஒலி ஓங்கியும் ஒடுங்கியும் துடிக்கும். பௌதிக நூல்கள் இதனை விம்மல் என்கின்றன. மிகப் பொருத்தமான சொல். ஆர்மோனியத்தில் ஷட்ஜத்தையும் காந்தாரத்தையும் சேர்த்துப் பிடிக்கையில் கேட்கும் அந்தக் கரகரப்பு, மரத்தின் குற்றமோ நாக்குகளின் குற்றமோ அன்று; இந்த விம்மலே. பஞ்சமத்தில் இக்குறை மிகச் சிறிது. நொடிக்கு ஒரு விம்மல்கூட நிறைவதில்லை. ஆதலால் பஞ்சமத்தில் எவரும் குறை காண்பதில்லை; காந்தாரத்தில் கண்டுகொள்கின்றனர்.

அப்படியாயின் தம்புராவின் காந்தாரத்தையே எல்லாக் கருவிகளிலும் வைத்துவிடலாமே, ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். செய்யத் தடையாயிருப்பது எண்ணின் இயல்பு. பஞ்சமத்தின் பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால் மீண்டும் ஷட்ஜத்திற்கே வந்துசேர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கணக்கிட்டுப் பார்த்தால் 90 சென்டிமீட்டருக்கு மாறாக 88.8 சென்டிமீட்டரில் வந்து நிற்போம். வட்டம் மூடுவதில்லை, பன்னிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. மூன்றை எத்தனை முறை பெருக்கினாலும் அது இரண்டின் பெருக்கத்தோடு ஒத்துப்போகாது. முன்னது என்றும் ஒற்றைப்படை, பின்னது என்றும் இரட்டைப்படை. ஆறாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கும் இவ்வுண்மைதான் உலகத்து இசைக்கருவி செய்வோரை எல்லாம் காலங்காலமாக அலைக்கழித்து வந்திருக்கிறது.

இதன் விளைவை நம் இராகம் ஒன்றிலேயே காண்போம். மோகனத்தின் ஐந்து சுரங்களைக் கம்பியில் அமைப்போம்: ஷட்ஜம் 90, ரிஷபம் 80, காந்தாரம் 72, பஞ்சமம் 60, தைவதம் 54. தைவதம் காந்தாரத்திற்குச் சுத்த மத்தியமமாக அழகுற அமைகிறது. இப்பொழுது கிரகபேதம் செய்து, ரிஷபத்தையே ஷட்ஜமாகக் கொள்வோம். மத்தியமாவதி பிறக்க வேண்டும். ஆனால் அதன் பஞ்சமமாக வரவேண்டிய தைவதம் 53⅓-இல் இருக்க வேண்டும். நாம் வைத்ததோ 54. மத்தியமாவதியின் பஞ்சமம் நொண்டுகிறது. சரி, தைவதத்தை 53⅓-க்கு நகர்த்துவோம் எனின், மோகனத்தில் காந்தாரத்திற்கும் தைவதத்திற்கும் இருந்த நட்பு முறிகிறது. ஐரோப்பியர் தம் பழைய ஆர்கன்களில் இவ்வாறு கெட்டுப்போன பஞ்சமத்தை ஓநாய் என்றே அழைத்தனர், ஊளையிடுவதனால்.

பன்னிரண்டு சமப் படிகள் என்னும் ஏற்பாடு இந்த ஓநாயை விரட்டுவதற்காக வந்தது. குறையை ஓரிடத்தில் குவியவிடாமல் எல்லாச் சுரங்களின்மேலும் சமமாகப் பகிர்ந்துவிட்டனர். எந்தக் கட்டையை ஷட்ஜமாகக் கொண்டாலும் ஒரே வகையாக ஒலிக்கும். ஷட்ஜத்தை அடிக்கடி மாற்றிச் செல்லும் மேலை இசைக்கு அது பெருவசதி. அதற்கு அவர்கள் கொடுத்த விலை காந்தாரம். வேறு வழி தேடியவரும் உண்டு. ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஹைகன்ஸ் 17-ஆம் நூற்றாண்டில் ஸ்தாயியை 31 சமப் படிகளாக்கினால் காந்தாரம் ஏறக்குறையத் தூயதாகவே அமையும் என்று கண்டார். அந்நாட்டுப் பௌதிக அறிஞர் ஃபோக்கர் அதனைப் பின்பற்றி 31 சுரமுடைய ஆர்கன் ஒன்றை அமைத்து 1950-இல் ஹார்லெம் நகரில் நிறுவினார். கணக்கு அழகியது, கட்டைகள் விரலுக்கு அடங்குவது அரிது.

நம் நாட்டில் இக்கணக்கில் இறங்கியவருள் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரைப் போல் துணிந்தவர் வேறொருவர் இலர். 1859-இல் பிறந்து, ஆசிரியராயிருந்து, பின் சித்த மருத்துவராய்ப் புகழும் பொருளும் ஈட்டி, அப்பொருளை இசையாராய்ச்சியில் செலவிட்டவர். 1912 முதல் தஞ்சையில் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்தார்; அவருடைய பெண்மக்கள் வீணையோடு உடன் சென்றனர். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூல் வெளிவந்தது.

சிலப்பதிகார உரைகள் ஏழிசைக்கும் அலகு கூறுகின்றன: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. வடமொழிப் பரதரின் நாட்டிய சாஸ்திரமும் 22 சுருதி என்கிறது. பரதர் அதனைக் காட்டும் முறை நயமானது. ஒத்த இரண்டு வீணைகளை ஒரே சுருதியில் கட்டி, ஒன்றை அசையாது வைத்து, மற்றொன்றை நான்கு படிகளாக இறக்கச் சொல்கிறார். இறங்கிய வீணையின் சுரங்கள் அசையாத வீணையின் அண்டைச் சுரங்களோடு எந்தப் படியில் ஒன்றுகின்றன என்று செவியால் அறிய வேண்டும். பின்ன எண் ஒன்றும் அவர் தரவில்லை. மூன்றில் இரண்டு, ஐந்தில் நான்கு என்று பிற்காலத்தார் புகுத்திய கணக்கின்படி இருபத்திரண்டும் சமமாக இரா. சில பெரியன, சில மிகச் சிறியன.

பண்டிதர் இதனை ஏற்கவில்லை. வட்டப்பாலை என்பது பன்னிரண்டு இராசிகளில் அமைந்த வட்டம். வட்டம் என்றால் மூட வேண்டும். மூன்றில் இரண்டு என்னும் பஞ்சமத்தால் அது மூடாது என்பது கண்கூடு. ஆகவே பழந்தமிழர் கொண்ட பஞ்சமம் அதுவன்று, ஸ்தாயியைச் சமமாகப் பகுத்த பஞ்சமமே என்பது அவர் முடிபு. பன்னிரண்டு சம அரைச்சுரங்கள். ஒவ்வொன்றும் இரண்டாகச் சுருதி 24. இருபத்திரண்டு என்றது இரண்டு அலகைக் குறைத்துச் சொன்ன வழக்கே என்றார். பரோடாவில் அறிஞர் இதில் ஒருமனப்படவில்லை. இன்றுவரை ஒருமனப்பட்டாரும் இலர். ஈழத்துக் காரைதீவில் பிறந்து, அறிவியல் பயின்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலாநந்த அடிகள், அதே சிலப்பதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டு, இருபத்திரண்டு அலகையும் தூய பின்னங்களால் விளக்கி யாழ்நூல் எழுதினார். அது 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஒரே நூலினின்று இரு பேரறிஞர் இருவேறு காந்தாரம் கண்டனர்!

பண்டிதரை, ஆர்மோனியத்தின் கணக்கைச் சேரன் தம்பி நூலில் ஏற்றிச் சொன்னவர் என்று எள்ளி நகையாடுவோர் உளர். அது நியாயமன்று. பாலை மாற்றிப் பண் பெயர்ப்பது பழந்தமிழ் இசையின் உயிர்நாடி. நிலையான நரம்புகளையுடைய யாழில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பாலையும் பிறக்க வேண்டுமாயின், நாம் மோகனத்தில் கண்ட அந்த ஓநாய் அங்கும் வந்து நிற்கும். அதற்கு ஒரு விடை வேண்டும் என்று உணர்ந்து, உள்ளபடியே விடை தேடியவர் பண்டிதர். அவர் விடையை யான் முற்றும் ஏற்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டு இருபத்திரண்டு என்று மட்டும் ஓதுவோரைவிட அவர் மேலானவர் என்பேன்.

வியப்பு என்னவெனில், இருபத்துநான்கு என்னும் இதே எண்ணைப் பற்றி அரபு நாட்டாரும் வழக்காடினர். டமாஸ்கஸில் வாழ்ந்த மிகாயில் மிஷாகா என்பார் 19-ஆம் நூற்றாண்டில் ஸ்தாயியை 24 காற்சுரங்களாகப் பகுக்கும் முறையை விரித்தெழுதினார். 1932-இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில் இருபத்துநான்கும் சமமா அல்லவா என்று பெரும் விவாதம் நிகழ்ந்தது. அங்கும் முடிவு ஏற்படவில்லை. அவர்களுடைய ராஸ்த் என்னும் மக்காமில் ஒரு காந்தாரம் வருகிறது. நம் சாதாரண காந்தாரத்தினும் உயர்ந்தது, அந்தர காந்தாரத்தினும் தாழ்ந்தது. நம் கம்பியில் 73½ சென்டிமீட்டரை ஒட்டிய இடம். பியானோவில் அதற்குக் கட்டையே இல்லை. ஊத் என்னும் அவர்களது கருவிக்கு மெட்டுக்கள் கிடையா. விரல் தானே இடம் காணும். அந்த இடமும் ஊருக்கு ஊர் சற்று வேறுபடும். ஏட்டில் இருபத்துநான்கு, விரலில் எண்ணிலடங்காதவை.

கிழக்கே சென்றால் கணக்கு வேறு. தாய்லாந்தில் ஸ்தாயியை ஏறக்குறைய ஏழு சமப் படிகளாகக் கொள்கின்றனர். ஆங்கில அறிஞர் எல்லிஸ் 1885-இல் இதனை அளந்து எழுதினார். அங்கே பஞ்சமம் 60-இல் விழாது, 60½-ஐ ஒட்டி விழும். ஜாவாவின் கமெலான் குழுக்களில் ஒவ்வொரு குழுவின் வாத்தியத் தொகுதிக்கும் தனிச் சுருதி. ஒன்றின் கருவியை மற்றொன்றில் கலக்க இயலாது. இவர்கள் செவி பஞ்சமத்தை அறியாததன்று. இவர்களுடைய முதன்மைக் கருவிகள் மரச்சட்டங்களும் வெண்கலத் தகடுகளும். சட்டமும் தகடும் தந்தியைப் போல் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று ஒழுங்காக அதிர்வதில்லை. அவற்றின் மேற்சுரங்கள் வேறு விகிதத்தன. ஆதலின் தந்தியில் விம்மும் இடம் அங்கு விம்முவதில்லை. ஒரு நாட்டின் சுரவரிசையை ஆராய்வோர் முதலில் அந்நாட்டார் எதனைத் தட்டுகின்றனர், எதனை மீட்டுகின்றனர் என்று பார்க்க வேண்டும்.

இனி நம் இசைக்கு மீள்வோம். இதுவரை பேசியதெல்லாம் அசையாது நிற்கும் சுரத்தைப் பற்றியது. ஆனால் நம் சுரங்களுள் அசையாது நிற்பன எத்தனை? ஷட்ஜமும் பஞ்சமமும் நிற்கும். சங்கராபரணத்திலும் மோகனத்திலும் காந்தாரத்தைக் கார்வையாகப் பிடிக்கும் இடங்களில் அது நிற்கும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஷபத்தருகே தொட்டு மத்தியமம் வரை சென்று மீளும் அசைவே அந்தக் காந்தாரம். அதனைக் கம்பியில் இன்ன சென்டிமீட்டர் என்று குறிக்கப் புகுந்தால், ஊஞ்சல் எந்த இடத்தில் இருக்கிறது என்று சுவரில் கோடு போட்ட கதையாகும். பேகடாவின் நிஷாதம், வராளியின் மத்தியமம் ஆகியவற்றை இராகப் பெயராலேயே சுட்டுகிறோம். சுருதி எண்ணால் சுட்டுவதில்லை. 1963-இல் ஜைராஸ்பாய், ஸ்டோன் என்னும் இருவர் வடஇந்தியக் கலைஞரின் இசையைக் கருவி கொண்டு அளந்தபோது, ஒரே சுரம் கலைஞர்க்குக் கலைஞர் மட்டுமன்றி ஒரே கலைஞரின் வாசிப்பிலேயே இடம் பெயரக் கண்டனர்.

இதனால் சுருதிக் கணக்கே வீண் என்று கொள்ளலாகாது. ஊஞ்சலுக்கும் உத்தரம் வேண்டும். நிற்கும் சுரங்கள் தூயனவாக இருந்தால்தான் அசையும் சுரங்கள் எவற்றினின்று எவ்வளவு விலகுகின்றன என்று செவி அளந்தறியும். எத்தனை சுருதி என்னும் வழக்கு கருவியில் நிலையான இடம் குறிக்க வேண்டியவர்க்கு உரியது. மிடற்றுக்கும் பிடிலுக்கும் அவ்வழக்கு இல்லை. மிடறு மோகனத்தில் 54-இல் நின்று, கிரகபேதம் செய்தவுடன் 53⅓-க்கு நகர்ந்துவிடும். பாடுபவரே அதனை அறியார்.

வீணை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதற்கு 24 மெட்டுக்கள், மெழுகில் பதிக்கப்படுபவை. மேளம் கட்டுவோர் அளவுகோலை நம்புவதில்லை. தந்தியை அழுத்தும்போது இழுவிசையும் சிறிது ஏறுவதால் வெறும் நீளக்கணக்கு அங்குச் செல்லாது. மெழுகு இளகியிருக்கையில் மெட்டைச் சற்றே நகர்த்தி, செவியால் கேட்டு நிறுத்துவார்கள். அங்கும் சிக்கல் உண்டு. ஒரு மெட்டு நான்கு தந்திகளுக்கும் பொது. ஷட்ஜத் தந்தியில் ரிஷபம் தரும் அதே மெட்டு பஞ்சமத் தந்தியில் தைவதம் தரும். ரிஷபம் ஒன்பதில் எட்டுப் பங்காகத் தூயதாக இருந்தால், அந்தத் தைவதம் 53⅓-இன் இனமாகவே அமையும்; 54-இன் இனம் அங்குக் கிடைக்காது. ஆகவே மேளம் கட்டுபவர் எங்கோ ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கிறார். எஞ்சியதை வாசிப்பவரின் இடக்கை தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஈடுசெய்கிறது. இழுத்தால் சுரம் ஏறுமேயன்றி இறங்காது; ஆதலால் மெட்டு சற்றுத் தாழ்ந்திருப்பது பொறுக்கத்தக்கது, உயர்ந்திருப்பது பொறுக்கத்தக்கதன்று.

ஆர்மோனியத்திற்கு இந்த வசதியும் இல்லை. நம் வானொலி 1940-இல் அதனைத் தன் நிலையங்களினின்று விலக்கியது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. கமகத்திற்கு இடங்கொடாது என்பதும், சுரங்கள் சமப் பகுப்பினால் ஆனவை என்பதும் அதன்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள். இரண்டும் உண்மையே. ஆயினும் தடை சரியான மருந்து என்று எனக்குத் தோன்றவில்லை. தேர்ந்த பாடகரோடு பின்னால் நின்று ஒலிக்கும் ஆர்மோனியம் யாருடைய செவியையும் கெடுத்துவிடாது. செவி உருவாகும் பருவத்தில் குழந்தைக்கு முன்னால் நின்று, இதுதான் காந்தாரம் என்று அது சொல்லும்போதே கேடு விளைகிறது. அந்த இடத்தில் வானொலியின் தடை செல்லுபடியாகவும் இல்லை.

பயிற்சிக்கு என்ன செய்வது? தம்புரா இருந்தால் அதுவே போதும். இல்லையேல் மின்தம்புராவும் ஓரளவு உதவும். சுருதி சேர்க்கும்போது கைப்பேசியின் முள்ளைப் பார்த்துப் பஞ்சமம் கட்டவேண்டாம். முள் பெரும்பாலும் சமப் பகுப்பையே காட்டும். பஞ்சமத் தந்தியை மெல்ல ஏற்றிக்கொண்டே வந்தால் விம்மல் படிப்படியாகத் தளர்ந்து ஓரிடத்தில் அறவே நின்றுவிடும், அங்கே நிறுத்துக. பின்னர்க் குழந்தையைக் காந்தாரத்தை அகாரமாக ஒரு மூச்சு முழுதும் பிடிக்கச் செய்து, குரலைத் தலைமுடியளவு ஏற்றவும் இறக்கவும் சொல்லிக் கேட்கச் செய்க. குரல் தம்புராவில் கரைந்து மறைவது போன்ற ஓர் இடம் உண்டு. அதனைக் குழந்தை தானே ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. அரபு இசையின் இடைக் காந்தாரத்தைப் பிடிலில் பழக விரும்புவோர்க்கும் இதுவே வழி. முதலில் 72-ஐயும் சாதாரண காந்தாரத்தின் 75-ஐயும் செவியில் உறுதிசெய்துகொண்டு, பிறகே இரண்டிற்கும் நடுவே விரல் வைக்கவேண்டும்.

கீபோர்டுதான் வீட்டில் இருக்கிறது என்பவர்க்கும் ஒரு வழி உண்டு. சில கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் தனித்தனியே ஏற்றி இறக்க இயலும். மேலே கூறிய எல்லிஸ் ஓர் அரைச்சுரத்தை நூறு கூறாக்கிச் சென்ட் என்று பெயரிட்டார்; அதே அளவையே இக்கருவிகளும் கையாளுகின்றன. அந்தர காந்தாரத்தை 14 சென்ட் இறக்கவேண்டும். காகலி நிஷாதத்தை 12 இறக்கவேண்டும். சதுசுருதி ரிஷபத்தை 4 ஏற்றவேண்டும். பஞ்சமத்தை 2 ஏற்றி, சுத்த மத்தியமத்தை 2 இறக்கவேண்டும். ஷட்ஜத்தை வேறு கட்டைக்கு மாற்றினால் இவ்வெண்களும் உடன் இடம் மாற வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது. சதுசுருதி தைவதத்திற்கு மட்டும் இரண்டு எண்கள் உண்டு. மோகனம் மட்டும் வாசிப்பதாயின் 16 இறக்கிக்கொள்ளலாம். அதிலிருந்து மத்தியமாவதிக்குக் கிரகபேதம் செய்வதாயின் 6 ஏற்றவேண்டும். இரண்டும் ஒரே மூச்சில் வேண்டுமென்பவர் கீபோர்டை மூடிவிட்டுப் பிடிலை எடுக்க வேண்டியதுதான்.